நான்கு துப்பாக்கிப் பத்திரிகைகளும் பொருள் எண் இரண்டும்

மார்ச் 3, ஞாயிறு

இன்று முதல் இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அழகுக்காக எதையும் சேர்க்க மாட்டேன். யாருக்காகவும் எதையும் விட மாட்டேன், அப்பாவாக இருந்தாலும் சரி. தினமும் எழுதினால் நடை வரும் என்று தமிழ் மிஸ் சொன்னார். உண்மையை எழுதினால் என்ன வரும் என்று சொல்லவில்லை.

முதலில் விவரங்கள். என் பெயர் மிருதுளா, ஒன்பதாம் வகுப்பு. அப்பா பெயர் சென்னியப்பன். தென்னந்தோப்பும் நார் மில்லும் வைத்திருக்கிறார். எங்கள் ஊர் ரைஃபிள் கிளப்புக்கு அவர்தான் செயலாளர். கிளப்பில் இருபத்திரண்டு உறுப்பினர்கள். எல்லோரிடமும் லைசென்ஸ் இருக்கிறது. பெரும்பாலோரிடம் துப்பாக்கியும் இருக்கிறது.

ஏப்ரலில் கோவையில் மாவட்டப் போட்டி. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள், பள்ளி மாணவியர் பிரிவு. அதில் கலந்துகொள்ள, நான் கிளப்பின் இளையோர் உறுப்பினர் என்று ஒரு கடிதம் வேண்டும். கமிட்டி தீர்மானம் போட்டால்தான் கடிதம் தருவார்கள். மார்ச் 30 மாலை ஐந்து மணிக்குள் கோவை அலுவலகத்தில் அதைக் கொடுக்க வேண்டும். அப்பாவிடம் கேட்டேன். "அதுக்கென்ன கண்ணு, கமிட்டில வெச்சரலாம்" என்றார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒன்றரை வருடமாக ஞாயிறு காலைகளில் கிளப்பின் ஏர் ரைஃபிளில் பழகுகிறேன். ஆரம்பத்தில் அப்பாவும் கூடச் சுடுவார். போன ஏப்ரலில் ஒரு ஞாயிறு இருவரும் ஆளுக்குப் பத்துக் குண்டு சுட்டோம். நூற்றுக்கு எனக்கு 91, அப்பாவுக்கு 58. பல் டாக்டர் குழந்தைவேலு குறி பார்த்துச் சுட்ட இரண்டு அட்டைகளையும் எடுத்து நோட்டீஸ் போர்டில் பக்கத்துப் பக்கத்தில் குத்திவைத்தார். அதிலிருந்து அப்பாவுக்குப் பார்வை சரியில்லை, சுடுவதும் இல்லை. கண் டாக்டர் சோதித்துவிட்டுப் பார்வை நன்றாக இருக்கிறது என்றாராம். வேறு கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்கிறார் அப்பா.

மார்ச் 5, செவ்வாய்

தேர்தல் அறிவித்துவிட்டார்கள். முடிவு வரும்வரை லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பள்ளிக்குப் போகும் வழியில் அப்பாவோடு நானும் போனேன். அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி பழைய பெட்ஷீட்டில் சுற்றி, காரின் பின் சீட்டில் நோயாளிபோலப் படுத்திருந்தது.

ஸ்டேஷன் ரைட்டர் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஏனுங், இது கடைசியா எப்பச் சுட்டதுங்?"

"போன பொங்கலுக்குன்னு வெச்சுக்கங்க" என்றார் அப்பா.

"அப்ப குளவி அதுக்குப் பொறவுதான் குடி வந்திருக்குதுங்" என்ற ரைட்டர் ஒரு குச்சியை விட்டு மண்கூட்டைத் தட்டி எடுத்தார். "குளவி கூடு கட்டுனா ஊட்டுல விசேசம்பாங்க."

ரசீது எழுதும்போது, குளவிக் கூட்டைக் குறிப்பிட வேண்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றார் அப்பா. நான் இங்கே குறிப்பிட்டுவிட்டேன்.

ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதனால் அது மட்டும் கிளப்பில் இருக்கிறது.

மார்ச் 6, புதன்

இன்று கமிட்டிக் கூட்டம். கமிட்டியில் தலைவர், அப்பா, பல் டாக்டர் என்று மூன்றே பேர். பத்து மீட்டர் ஹாலில்தான் ஏசி இருக்கிறது என்பதால் அங்கேயே நடத்துகிறார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று தலைவர் என்னைக் கூட்டக் குறிப்பு எழுத வைத்தார். தலைவர் நாச்சிமுத்து, ரிட்டையர்டு தாசில்தார். விதிமுறைப் புத்தகத்தை மடியிலேயே வைத்திருப்பார். குறிப்பு எழுதுபவர் பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

துப்பாக்கிகள் ஸ்டேஷனில் இருப்பதால் உறுப்பினர்கள் அறிவையாவது வளர்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு வாசிப்பறை வைக்கப் போகிறார்கள். பொருள் எண் ஒன்று, எந்தத் துப்பாக்கிப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுவது. பொருள் எண் இரண்டு, என் விண்ணப்பம். வரிசை எழுதியது அப்பா.

அப்பா 'ஹன்டர்ஸ் ட்ரெயில்' வேண்டும் என்றார். பல் டாக்டர் பழங்காலத் துப்பாக்கிகளைப் பற்றிய 'கலெக்டர்ஸ் ஆர்மரி' வேண்டும் என்றார். தாசில்தாருக்கு 'கன் லைசென்ஸ் ரிவ்யூ'.

"வேட்டையே தடையாச்சேங் சென்னியப்பா. பனியில மான் சுடறதப் படிச்சுட்டு நீங்க தோப்புல என்னத்தச் சுடப் போறீங்க, எளநியா?"

"உங்க பத்திரிகைல இருக்கற துப்பாக்கியெல்லாம் வெடிக்குமாங் டாக்டரே? பல்லுப் போன கெழவனாட்ட நிக்குது ஒவ்வொண்ணும்."

"பல்லுப் போனா நம்மகிட்டத்தானே வரோணும்" என்றார் டாக்டர்.

"சட்டந் தெரியாத ரெண்டு பேரு பேசறதக் கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது" என்றார் தாசில்தார்.

கடைசியில் அப்பாதான் வழி சொன்னார். பார்க்காமல் எப்படி முடிவெடுப்பது, மூன்றுக்கும் மாதிரிப் பிரதிகள் வரவழைப்போம் என்றார். அப்பாவிடம் எனக்குப் பிடித்ததே இந்தப் பொறுமைதான். ஏழு மணி ஆகிவிட்டது. பொருள் இரண்டு அடுத்த புதனுக்குப் போனது.

மார்ச் 10, ஞாயிறு

பயிற்சி. 93. அம்மாவுக்கு இட்லி மாவு ஆட்டிக் கொடுத்தேன். வரலாற்றில் இரண்டு பாடம் முடித்தேன்.

மார்ச் 13, புதன்

மாதிரிப் பிரதிகள் வந்துவிட்டன. மூவரும் அட்டையைப் பார்த்தார்கள், எடையைக் கையில் தூக்கிப் பார்த்தார்கள், டாக்டர் முகர்ந்தும் பார்த்தார். பிளாஸ்டிக் உறையை யாரும் பிரிக்கவில்லை.

இன்று முடிந்திருக்க வேண்டியது. 'கலெக்டர்ஸ் ஆர்மரி' அட்டையில் இருந்த துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையா என்ற கேள்வியில் தாசில்தாருக்கு ஆர்வம் வந்து, அதையே வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டார். டாக்டர் கையைத் தூக்கிவிட்டார். அப்போது அப்பா பையிலிருந்து நான்காவதாக ஒன்றை எடுத்தார். 'டென் மீட்டர்'. பள்ளி நோட்டை விட மெலிசு, அட்டையில் துப்பாக்கிகூட இல்லை.

"இதையும் பாத்தரலாமுங். நாளைக்கு ஒருத்தரு வந்து, இத ஏன் பாக்கலைன்னு கேட்டா நாம என்ன சொல்றது?"

"ஆருங் வந்து கேக்கப் போறாங்க?" என்றார் டாக்டர்.

"கேட்டா?"

தாசில்தார் அதை நியாயம் என்றார். தனக்குப் பிடித்ததை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காமல் வேறொன்றையும் கொண்டுவந்த அப்பாவின் பரந்த மனம் எனக்குப் பெருமையாக இருந்தது. பொருள் இரண்டுக்கு நேரம் இல்லை.

மார்ச் 16, சனி

நான்கையும் வீட்டுக்கு எடுத்துவந்து உறையைப் பிரித்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்: "இதையெல்லாம் படிச்சுட்டு அவிய என்ன பண்ணப் போறாங்களாமா?"

"சுடற கலையைப் பத்தித் தெரிஞ்சுக்குவாங்கம்மா."

"ஓ" என்றார் அம்மா. அவர் உதடு சிரித்தது. வெங்காயம் உரித்தால் சிரிப்பு வராது என்று நினைக்கிறேன்.

மார்ச் 20, புதன்

இன்று எனக்கு ஒரு பெரிய கௌரவம். நான்கில் எது என்று ஒரே சண்டை. மூன்று பேருக்கும் ஆளுக்கொரு வாக்கு என்றால் முடிவே வராது, சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார் டாக்டர். தாசில்தார் சீட்டு எழுதவும் ஆரம்பித்தார். அப்பா தடுத்தார்.

"சீட்டுப் போட்டு எடுக்கறதுக்கு இதென்ன ஏலச்சீட்டாங்? நடுநிலையா ஒருத்தர் நாலையும் படிச்சு, எழுத்துல அறிக்கை குடுக்கட்டும்."

"இங்கிலீசு பத்திரிகைய மொதப் பக்கத்துலிருந்து கடைசி வரைக்கும் படிக்கற ஆளு நம்மள்ல ஆரு?" என்று தாசில்தார் கேட்டதும் மூவரும் ஏசியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அப்பாவே என் பெயரை முன்மொழிந்தார். சொந்த மகளின் விண்ணப்பம் காத்திருக்கும்போதுகூட அவசரப்படாமல் நடுநிலையைப் பார்க்கிறார். ஒரு வாரத்தில் அறிக்கை தருகிறேன் என்றேன். குறிப்பு எழுதுபவர் பேசக் கூடாது என்று தாசில்தார் நினைவூட்டினார்.

மார்ச் 24, ஞாயிறு

பயிற்சி இல்லை. நான்கு நாளாகப் படிக்கிறேன். பழைய இதழ்களையும் கம்ப்யூட்டரில் தேடிப் படித்தேன். கண்டுபிடித்தவை:

'ஹன்டர்ஸ் ட்ரெயில்' 112 பக்கம், அதில் 67 பக்கம் விளம்பரம். முப்பதாம் பக்கத்தில் ஒரு துப்பாக்கிக்கு மதிப்புரை, முப்பத்தொன்றாம் பக்கத்தில் அதே துப்பாக்கிக்கு முழுப்பக்க விளம்பரம். ஒரே வருடத்தில் நாற்பத்தொரு துப்பாக்கிகளை 'இந்த ஆண்டின் சிறந்த துப்பாக்கி' என்று எழுதியிருக்கிறார்கள். எதையும் குறை சொல்வதில்லை. பெண் கொடுத்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து சமையலைப் பற்றிப் பேசுவதுபோலவே இருக்கிறது. அக்டோபர் தோறும் யாராவது ஒருவர் தன் முதல் மானைச் சுடுகிறார், மூடுபனியும் அதே மூடுபனி.

'கலெக்டர்ஸ் ஆர்மரி'யில் படங்கள் நன்றாக இருக்கின்றன. ஒரு துப்பாக்கியை யார் வைத்திருந்தார், அவரிடமிருந்து யார் வாங்கினார், இப்போது யாரிடம் இருக்கிறது என்று பதினாறு பக்கம் வருகிறது. அதை யாராவது சுட்டார்களா என்ற தகவல் இல்லை.

'கன் லைசென்ஸ் ரிவ்யூ'வில் விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று நான்கு பகுதித் தொடர். அந்த நான்கு இதழ்களிலும் உருப்படியான பக்கம் வாசகர் கடிதம்தான். ஒருவர் 'தொடரின்படி நிரப்பினேன், நிராகரித்துவிட்டார்கள்' என்று எழுதியிருக்கிறார்.

'டென் மீட்டர்' வேறு மாதிரி. எப்படி நிற்பது, எப்போது மூச்சை விடுவது, குண்டு இடப்பக்கமே போனால் எந்தத் தோளைப் பார்க்க வேண்டும். ஒரு ரைஃபிளை மதிப்பிட்டால் அதைக் கொண்டு சுட்ட அட்டையையே அச்சிடுகிறார்கள், மோசமாக இருந்தாலும். ஒரு மதிப்புரை 'வாங்காதீர்கள்' என்ற ஒரே சொல்லோடு முடிகிறது. அந்த இதழில் அந்தக் கம்பெனி விளம்பரம் இல்லை.

எட்டுப் பக்கம் எழுதினேன். சிபாரிசு எழுதும்போது ஒரு காரணமும் சொல்ல வேண்டுமே என்று கிளப்பின் பயிற்சிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பார்த்ததை அப்படியே சேர்த்தேன்.

மார்ச் 27, புதன்

அறிக்கையைக் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் புரட்டுவதற்குள் அப்பா எழுந்தார்.

"எட்டுப் பக்கத்தைக் காதுல கேட்டுட்டு எப்படிங் கை தூக்கறது? ஆளுக்கொரு ஜெராக்ஸ் எடுத்துக்கலாம். ஊட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாப் படிச்சுட்டு வரலாம். அடுத்த புதனுக்கு வெச்சுக்கலாமுங்."

அடுத்த புதன் ஏப்ரல் 3.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். டாக்டர் மட்டும் "பொண்ணுக்கு முப்பதாந்தேதி கடைசின்னு சொன்னாப்டி நெனவு" என்றார். அவருக்கு என்மேல் அக்கறையா, அப்பாவின் முகம் அப்போது போன விதத்தில் அக்கறையா, தெரியவில்லை.

தாசில்தார் விதிமுறைப் புத்தகத்தைப் பிரித்தார். ஒரு பொருள் மூன்று கூட்டங்களில் எடுத்துக்கொள்ளப்படாவிட்டால் மூன்று நாளுக்குள் அவசரக் கூட்டம் கூட்ட வேண்டும் என்று ஏதோ ஒரு விதியில் இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை கூட்டம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்கொப்பாவுக்கு 'முடியாது'ன்னு ஒரு வார்த்தை வாயில வராது அம்மணி. என்னையப் பொண்ணு பாத்துட்டுப் போய் நாலு மாசம் ஜாதகம் பாத்தாரு. ஆறு ஜோசியரு. ஆறாவது ஆளுகிட்ட எங்கப்பாவே போயி உக்காந்துக்கிட்டாரு."

"அப்பாவுக்கு உங்களைப் பிடிக்கலையாம்மா?"

"எஸ்எஸ்எல்சில அவரவிட எனக்கு மார்க்கு கூட" என்றார் அம்மா. "போர்வைய அந்தப் பக்கம் புடி."

மார்ச் 28, வியாழன்

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஆறாம் தேதி 'பொறுமை' என்று எழுதியிருக்கிறேன். பதின்மூன்றாம் தேதி 'பரந்த மனம்'. இருபதாம் தேதி 'நடுநிலை'. அடித்துத் திருத்தலாமா என்று யோசித்தேன். அன்றைக்கு நான் அப்படித்தான் நினைத்தேன், அதுவும் நடந்ததுதானே. விட்டுவிட்டேன். அப்பா சாப்பிடும்போது, படிப்பெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டார். நன்றாகப் போகிறது என்றேன். இந்த நோட்டில் அதுதான் முதல் பொய். நான் சொன்னது, எழுதியது அல்ல.

மார்ச் 29, வெள்ளி

ஆறு மணிக்குக் கூட்டம். விதிப்படி எல்லோரும் செல்போனை ஹாலுக்கு வெளியே ட்ரேயில் வைத்தார்கள். ஜெராக்ஸை யாரும் படித்திருக்கவில்லை. டாக்டருடையதில் காபி டம்ளர் வைத்த வட்டம் இருந்தது. அதனால் சிபாரிசை மட்டும் வாசிக்கச் சொன்னார் தாசில்தார். நான் வாசித்தேன்:

"மூன்று பத்திரிகைகள் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கானவை. 'டென் மீட்டர்' சுடுபவர்களுக்கானது. பயிற்சிப் பதிவேட்டின்படி கடந்த பதினொரு மாதங்களில் இந்தக் கிளப்பில் சுட்டவர் ஒருவரே. அவர் இன்னும் உறுப்பினர் அல்ல. எனவே உறுப்பினர்களுக்கு எந்தப் பத்திரிகையும் தேவையில்லை. வாங்கியே ஆக வேண்டும் என்றால் 'டென் மீட்டர்' வாங்கலாம்."

டாக்டர் தன் ஜெராக்ஸைத் திருப்பிப் பார்த்தார்.

"பதினோரு மாசமா?" என்றார் டாக்டர். "நான் தீபாவளிக்கு வந்தனே."

"பட்டாசு வெடிக்க வந்தீங்க" என்றார் தாசில்தார். "ஆனாலும் இப்படி எழுதறது மரியாதையில்ல அம்மணி."

"சின்னப்புள்ளைக்கு என்ன தெரியும்" என்றார் அப்பா.

"இந்த மெலிசு நோட்டு நமக்கெதுக்குங்?" என்றார் டாக்டர். "ஒரு கனம் வேண்டாமா? சென்னியப்பன் சொன்ன மான் பத்திரிகையே இருக்கட்டும்."

"நானும் அதைத்தான் நெனச்சேன்" என்றார் தாசில்தார். மூவரும் கை தூக்கினார்கள். நாலு வாரமாக முடியாதது நாலு நிமிடத்தில் முடிந்தது. 'ஹன்டர்ஸ் ட்ரெயில்' ஒருமனதாகத் தேர்வானது. அப்பாவின் கை மற்ற இரண்டு கைகளுக்குப் பிறகுதான் மேலே போனது. தான் கேட்டது கிடைத்தவர் முகம் போல அது இல்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு முப்பத்தைந்து.

அப்பாவும் பார்த்தார். "சரிங், எல்லாருக்கும் வேலை கெடக்குது. நல்லபடியா முடிஞ்சுது" என்று எழுந்து போய்ச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தார். கடைசிச் சுவிட்சையும் அணைத்ததும் ஹால் இருண்டது. சுடுகிற ஹாலுக்கு ஜன்னல் கிடையாது.

இருட்டில் தாசில்தார் குரல் கேட்டது. "கூட்டம் முடிஞ்சுதுன்னு நான் இன்னும் சொல்லலீங்களே."

"வெளக்கு அணைச்சாச்சுங்" என்றார் அப்பா, கதவுப் பக்கத்திலிருந்து.

"வெளக்கு அணைச்சாக் கூட்டம் முடியும்னு எந்த விதியில இருக்குது? தலைவர் சொன்னாத்தான் முடியும். பொருள் ரெண்டு பாக்கி. அம்மணி, படி."

"இருட்டுல எப்படிங் படிக்கறது" என்றார் அப்பா.

தாளைப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நாலு வாரமாகத் தினமும் மனதுக்குள் சொன்ன விண்ணப்பம். பெயர், வயது, பள்ளி, பயிற்சிக் காலம், கடைசிப் பத்து ஞாயிறுகளின் மதிப்பெண்கள். ஒவ்வொரு எண்ணையும் சொன்னேன். குரல் நடுங்கியது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினால் நடுக்கம் குறையும். நிறுத்திச் சொன்னேன். என் எதிரில் யார் முகமும் இல்லாதது எவ்வளவு வசதி என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஆட்சேபிக்கறவங்க கை தூக்கலாம்" என்றார் தாசில்தார்.

சட்டைத் துணி உரசும் சத்தம் ஒன்று கதவுப் பக்கம் கேட்டது. கையைத் தூக்கும் சத்தமா, கையைக் கட்டிக்கொள்ளும் சத்தமா, எனக்குத் தெரியாது. சுவிட்சு அப்பாவின் தோள் உயரத்தில்தான் இருக்கிறது. யாரும் அதைப் போடச் சொல்லவில்லை. அப்பாவும் போடவில்லை. அவர் "நான் ஆட்சேபிக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் பத்துவரை எண்ணினேன்.

"ஆரும் தூக்குனதாத் தெரியல. நிறைவேறியாச்சு" என்றார் தாசில்தார்.

"இருட்டுல எப்படிங் தெரியும் தாசில்தாரே?" என்றார் டாக்டர்.

"தெரியலன்னுதானே நானும் சொன்னேன். கூட்டம் முடிஞ்சுது."

மார்ச் 30, சனி

தாசில்தார் நேற்றே வெளியே வராந்தாவில் வைத்துக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். கடிதத்தோடு கூட்டக் குறிப்பின் நகலும் வேண்டும். குறிப்பில் செயலாளர் கையெழுத்து வேண்டும். ஒன்பதரை பஸ்ஸுக்கு அம்மா எனக்கு முன்னாலேயே தயாராகி, செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார்.

அப்பா தோசையைத் தள்ளி வைத்துவிட்டுக் குறிப்பைப் படித்தார். எதையும் அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து நான் பார்த்ததில்லை.

"கடைசி வரி வேணுமா கண்ணு?"

"நடந்ததுதானுங்கப்பா."

"எடுத்தா நல்லாருக்கும்."

"நல்லாருக்கும். நடந்தது ஆகாது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை படிக்கட்டுமா, தாசில்தாரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டுமா என்று அவர் சொல்வதற்காகக் காத்திருந்தேன். அவர் பேனா கேட்டார். கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டது இதற்குக் கீழே:

"பொருள் எண் 2: இளையோர் உறுப்பினர் சேர்க்கை. செல்வி செ. மிருதுளாவின் விண்ணப்பம் வாசிக்கப்பட்டது. ஆட்சேபித்துக் கை தூக்கியவர் எவரும் காணப்படவில்லை. தீர்மானம் நிறைவேறியது. அப்போது விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன."